பரிசலில் எல்லோரும் ஒரே மட்டம்

சனி, ஞாயிறு என்றால் பெங்களூரிலிருந்தும் சேலம், வேலூர்ப் பக்கமிருந்தும் கல்லூரி வண்டிகள் ஒகேனக்கலுக்கு வந்து இறங்கும். அந்தக் கல்லூரிகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். 2021-22இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் ஏறத்தாழ 47 ஆயிரம் பேர் என்கிறது மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பு. அவர்களில் நேபாளத்திலிருந்து வந்தவர்களே அதிகம். இவர்களை நம் பிள்ளைகளோடு பழக வைக்க ஒரு சுற்றுலா உதவும் என்று கல்லூரி நிர்வாகங்கள் நம்புகின்றன. நம்பிக்கை சரிதான், நடத்தும் விதத்தில்தான் கோளாறு. வெளிநாட்டவருக்கென்று தனி வண்டி, தனிச் சாப்பாடு, உடன் ஒரு பொறுப்பாசிரியர், அருவி முன்னால் ஒரு குரூப் போட்டோ. மாலையில் அவரவர் விடுதிக்குத் திரும்பினால் காலையில் இருந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

இந்த இடைவெளியை அற்பமாக நினைக்க முடியாது. 2016 தொடக்கத்தில் பெங்களூரின் புறநகரில் தான்சானிய மாணவி ஒருவரை ஒரு கும்பல் தாக்கியது. அதற்குச் சற்று முன் வேறொரு ஆப்பிரிக்கர் ஓட்டிய கார் ஓர் உயிரைப் பறித்திருந்தது. அந்த விபத்துக்கும் இந்த மாணவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முகத்தைப் பார்த்தே கை ஓங்கினார்கள். அடுத்த ஆண்டு கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிபட்டார்கள். இவை உச்சகட்டங்கள். அன்றாடம் நடப்பது வெளியே தெரியாத தனிமை. வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை 1970களில் ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீஃபன் பாக்னர், அவர்களுடைய நெருக்கம் சொந்த நாட்டாரோடுதான், உள்ளூர் மாணவர்களோடு உள்ள உறவு பெரும்பாலும் படிப்புக் காரியத்தோடு நின்றுவிடுகிறது என்று கண்டார். நோட்ஸ் கேட்கப் பேசுவார்கள், மனசு விட்டுப் பேச மாட்டார்கள்.

ஒன்றாகக் கூட்டிவைத்தால் தானே பழகிவிடுவார்கள் என்ற எண்ணத்தை 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய கோடை முகாம் ஆய்வு உடைத்தது. 11, 12 வயதுச் சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டி மூட்டினார்கள், பகை முற்றியது. பிறகு ஒன்றாகச் சினிமா பார்க்கவைத்தார்கள், ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தார்கள். சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றபோதும், வண்டி மக்கர் செய்து எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க நேர்ந்தபோதும்தான் பகை தணிந்தது. ஆய்வாளர்களே சண்டையைத் தூண்டினார்கள் என்று இந்த ஆய்வின்மேல் பின்னால் எழுந்த குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் இதே விஷயத்தை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் பொருளாதார ஆய்வாளர் மேட் லோ கிரிக்கெட் தொடர் நடத்தி, வெவ்வேறு சாதி இளைஞர்களைச் சில அணிகளில் கலந்தும் சிலவற்றில் பிரித்தும் ஆடவைத்தார். 2021இல் முடிவுகள் வெளியாயின. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதிய பழக்கத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சேர்ந்து செய்யும் வேலையோடு சமநிலையும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார். ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. கல்லூரி வளாகத்தில் மதிப்பை அளக்கும் படி ஆங்கிலம். பென்னாகரத்திலோ அரூரிலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பையன் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவான். கென்யாவிலிருந்து வந்தவருக்கு ஆங்கிலம் சரளமாக வரும், டீக்கடையில் கணக்குப் பேசத்தான் தடுமாறுவார். இருவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூச்சம். வத்தல்மலை ஏற்றத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும். எந்தக் கல் வழுக்கும், எந்த நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும் என்பது பென்னாகரத்துப் பையனுக்குத் தெரியும். வகுப்பில் பேசாதவன் அங்கே வழி சொல்வான். நேபாள மலைக்கிராமத்தில் வளர்ந்தவருக்கு அது வெறும் மேடு. அவர் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிடக்கூடும். யார் பெரியவர் என்பதை அங்கே மார்க்கும் பாஸ்போர்ட்டும் தீர்மானிப்பதில்லை.

ஒகேனக்கல் பரிசலையும் இதே கண்ணோடு பார்க்கலாம். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் நீர் புகாத விரிப்புப் போர்த்திய வட்டக் கூடை அது. முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. லைஃப் ஜாக்கெட்டோடு சுற்றி உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். ஒருவர் செல்ஃபிக்காக எழுந்தால் மொத்தப் பரிசலும் ஒரு பக்கம் சாயும், நான்கு மொழிகளில் அதட்டல் விழும். பாறை குறுக்கிட்டால் இறங்கி நடக்க வேண்டும்; பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார். கரையில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் காசுக்குச் சமைத்துத் தருவார்கள். மாணவர் குழுக்கள் அவர்களுக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு, அவர்களிடமே கேட்டுக் கேட்டு மீனைக் கழுவி, மசாலா தடவி, தாங்களே வறுத்துப் பார்க்க வேண்டும் என்பேன். நான்கு பேர் கை வைத்த வறுவலில் உப்புக் கூடிப்போனால்கூட நல்லதுதான், பேச ஏதாவது கிடைக்கும்.

ஆபத்தைக் காரணம் காட்டி மறுப்பவர்களை ஒதுக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டது. அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை வகுத்தது. 2024இல் 40 பாதைகளை வனத்துறையின் மேற்பார்வையில் திறந்தது. காவிரியின் நிலைமையும் நாளுக்கு நாள் மாறும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தின் அளவு ஏறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். அந்தத் தடையை மதித்து அன்றைக்குத் தீர்த்தமலைப் படிகளுக்குத் திட்டத்தை மாற்றும் ஆசிரியர்தான் இப்படிப்பட்ட பயணத்தை நடத்தத் தகுந்தவர். நோன்பு நாட்கள், ஹலால் உணவு, மாதவிடாய், நடக்க முடியாதவர்கள் என எல்லாவற்றையும் தேதி குறிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. பெண் ஆசிரியர்கள் உடன் வருவதும், போகும் இடமும் திரும்பும் நேரமும் எழுத்தில் இருப்பதும் அந்தத் தயக்கத்தைப் பெரிதும் குறைக்கும்.

இதைவிடக் கனமான கேள்வி, ஒருநாள் நட்பு எத்தனை நாள் நிற்கும் என்பது. ஐஎஸ் அமைப்பின் கொடுமைக்குப் பிறகு வடக்கு ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணிகளில் ஆடவைத்துப் பார்த்தார் ஆய்வாளர் சல்மா மூசா. ஆய்வு 2020இல் வெளியானது. கூட ஆடிய முஸ்லிம்களோடு ஏற்பட்ட நெருக்கம் நீடித்தது. ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறிமுகம் இல்லாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் பெரிதாகப் பரவவில்லை. ஆகவே ஒரு பயணம் ஊரின் வெறுப்பையே கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். கூடப் போன சிலரோடு நிற்கும் நட்பு என்று சுருக்கிச் சொன்னால் ஆதாரம் இருக்கிறது. புது ஊரில் ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வரச் சிலர் இருந்தாலே போதும்.

இதற்குப் புதுத் திட்டம் எதையும் தேட வேண்டியதில்லை. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் இருக்கிறது. கிராமத்தில் தங்கி, மண் வெட்டி, மரம் நட்டு, முறைவைத்துச் சமைக்கும் முகாம் அது; பரிசலில் சில மணி நேரத்தில் நடப்பது அங்கே ஒரு வாரம் நீளும். ஒகேனக்கலில் தொடங்கிய குழுக்களைக் கலைக்காமல் அதே முகாமுக்கும் கொண்டுபோகலாம். குழுவுக்கு ஆறேழு பேர், அதில் வெளிநாட்டவர் இரண்டு மூன்று பேர். ஒருவரை மட்டும் போட்டால் அவர் விருந்தாளியாகிவிடுவார். பெயர்ப்பட்டியலை மாணவர்களிடம் விடாமல் ஆசிரியரே போட வேண்டும். அதுவும் கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே, விடுதி மெஸ்ஸில் யார் யாரோடு உட்காருவது என்பது இறுகிப்போவதற்கு முன்பாக.