பளபளா சேசிஸ்

பி.காம். படித்தவனுக்கு இரும்பைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் தேய்மானம். வருமான வரிக் கணக்கில் வண்டிக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழிக்கலாம். அந்தக் கணக்கைப் போட்ட மகானுபாவர் மரக்காணம் பக்கம் வந்திருக்க மாட்டார். எங்கள் வானூரில் ஒரு மோட்டார் சைக்கிளை ஒரே ஒரு மழைக்காலம் வெளியில் நிறுத்திப் பார்க்கட்டும்! உப்பளத்தையும் கழுவெளியையும் தடவிக்கொண்டு வருகிற காற்று, சைலன்ஸரில் ஆரம்பித்து ஸ்போக்ஸ் வரை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகும். பக்கத்துத் திருவக்கரையில் மரம் கல்லாகி, கோடி வருஷத்துக்கு மேலாக ஜம்மென்று கிடக்கிறது. இரும்புக்குத்தான் இந்த ஊரில் ஆயுசு கம்மி.

அப்படிப்பட்ட ஊரில் அக்கா பையன் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கியிருக்கிறான். அந்த வண்டி தயாரிப்பு நின்றது 1996-ல். பையன் பிறந்தது அதற்கு அப்புறம். ஆனாலும் காதல்!

"டிராக் ரேஸ் மாமா. 402 மீட்டர். நேர் ரோடு. யார் முதல்ல போறானோ அவன் ஜெயிச்சான். சேசிஸுக்கு குரோம் அடிச்சா சும்மா தகதகன்னு இருக்கும்ல?"

எனக்குக் குரோம் என்றால் கல்யாண மண்டப நாற்காலிக் கால்தான் ஞாபகம் வரும். இருந்தாலும் விசாரித்தேன். விசாரித்த வரையில், ரேஸ் சேசிஸுக்கு அதைவிட வம்பான அலங்காரம் கிடையாது.

குரோம் பளபளக்க வேண்டுமானால் அடியில் இருக்கிற இரும்பு முதலில் கண்ணாடியாக வேண்டும். அதனால் பைப்பை பஃப் போட்டுத் தேய்ப்பார்கள். வெல்டிங் மேடு அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதையும் இழைத்துவிடுவார்கள். பைப் மெலியும், ஜாயின்ட்டின் பலம் போகும். அமெரிக்காவில் 1951-ல் ஆரம்பித்த, டிராக் ரேஸ் நடத்துகிற என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிப்புத்தகம், வெல்டிங்கைத் தேய்க்கவே கூடாது என்கிறது.

அடுத்தது ஆசிட் தொட்டி. அங்கே உருவாகிற ஹைட்ரஜன் இரும்புக்குள் நுழைந்துகொள்ளும். சாதா இரும்பு இதைத் தாங்கிவிடும். இரும்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஆபத்து. ஹைடென்ஸில் போல்ட், ஆக்ஸில் மாதிரி ஐட்டங்கள் வளையாமல், சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று முறியும். பிளேட்டிங் முடிந்த கையோடு சுமார் 190 டிகிரியில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் வாயு வெளியேறும். சோபா காலுக்குக் குரோம் போடுகிறவரிடம் போய் இதைக் கேட்டால், "இன்னா சார், பிஸ்கட்டா சுடணும்?" என்பார். போதாததற்கு, பைப்புக்குள் தேங்குகிற ஆசிட் உள்ளிருந்து அரிக்கும். வெளியே தகதக, உள்ளே துரு.

"அப்ப பவுடர் கோட்டிங்கே இருக்கட்டும். விக்கிறப்பவே போட்டுத்தான் குடுத்தாங்க" என்றான் பையன்.

பவுடர் கோட்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸுக்குப் போய் வருகிற வண்டிக்கு, அதுவும் உப்புக் காற்றில், நல்ல சட்டை. ரேஸ் வண்டிக்குத்தான் யோசனை. பெயிண்ட்டைவிடத் தடிமன், ரப்பர் மாதிரி இழுபடும். அடியில் இரும்பு விரிசல் விட்டாலும் மேலே தோல் கிழியாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைக் காட்டினோம். டேங்க்கைக் கழற்றினார். ஹேண்டில்பார் வந்து சேருகிற கழுத்துப் பக்கம் கறுப்புக் கோட்டிங்கைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டார் (இந்த ஊரில் தாளிலும் உப்பு!). மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். வெள்ளைப் பொடியில் மெல்ல ஒரு ஈரக்கோடு எழுந்தது. தலைமுடி கனம். விரல் நீளம்.

யாரும் பேசவில்லை.

"தம்பி, கிளட்ச்சை விட்டவுடனே முன் வீலு தூக்கும். தூக்கினது கீழ வந்து விழும். அந்த அடி முழுக்க இந்தக் கழுத்துக்குத்தான். எப்ப ரேஸு?"

பையன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "சனிக்கிழமை... ராத்திரி. ஈ.சி.ஆர்.ல."

ஓஹோ! ரேஸ் என்றால் இருங்காட்டுக்கோட்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1990-லிருந்து அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. தேசிய டிராக் ரேஸே நடந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வண்டியைச் சோதிப்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மூணு மாசம் வரை உள்ளே, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், மீன் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக்கு இவர்கள் பந்தயம் தெரியுமா?

சட்டம் பார்க்கிற இடமும் மெக்கானிக் பார்க்கிற இடமும் ஒன்றே என்பதுதான் இதில் வேடிக்கை. சேசிஸ் நம்பரைக் குத்தியிருப்பதும் அந்தக் கழுத்தில்தான். தடியாகப் பூசினால் நம்பர் மூடிவிடும், தேய்த்தால் அழிந்துவிடும். அழிந்த நம்பரைப் பார்க்கிற போலீஸ்காரர் 'எங்கே திருடினே?' என்றுதான் ஆரம்பிப்பார். டேங்க் கலரை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். வண்டியின் அமைப்பையே மாற்றினால் 52-வது பிரிவு குறுக்கே வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியாகிவிட்டது.

அண்ணன் வைத்தியம் எளிமையானது. முதலில் வெல்டிங் தெரிந்த ஆளிடம் கழுத்தைச் சரி பண்ண வேண்டும். மறுபடி மண்ணெண்ணெய், சாக்பீஸ். அப்புறம் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிசாக ஒரே கோட்டிங் பெயிண்ட். பைப்புக்குள் ஆயில். கலர் மட்டும் வெளிர் சாம்பல். விரிசல் விட்டால் துரு செங்கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

"சாம்பல் கலரா? பழைய அம்பாஸடர் மாதிரி இருக்கும் மாமா!"

"இருக்கட்டும். கழுத்து இருக்கும்ல?"

பெயிண்ட் அடிக்கிற பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான். இப்போதைய டூ-கே பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்று ஒன்று உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுவிடும். கைக்குட்டை எந்த மூலைக்கு? புதுச்சேரி போய் அதற்கென்று உள்ள மாஸ்க் வாங்கி வரச் சொன்னேன். செலவு மாமா கணக்கில். சனிக்கிழமை ராத்திரி வண்டி பட்டறையில் சக்கரம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் எங்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தான்.