திமிரா, பேயா, நோயா?

கம்பத்துப் பக்கம் நான் வேலை பார்க்கிற வங்கிக்கு ஒரு அம்மா தோடு அடகு வைக்க வந்தாங்க. விடியக் கருக்கலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற எங்க தெருக்காரங்க. "புள்ள அஞ்சு நாளாக் கண்ணு மூடல தம்பி. ஓயாமப் பேசுறான். கோடாங்கிக்குக் குடுக்கணும்" என்றார்கள். பதினாலு வயசுப் பையன். பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பே 'சேரித் திமிர்' என்று வெளியே நிறுத்தியாச்சு. ஊருக்குத் திமிர், நமக்குப் பேய். நோய் என்று சொல்ல நாதியில்லை. நானும் சொல்லவில்லை, அடகுச் சீட்டு எழுதினேன்.

தூக்கமே வேண்டாமல் போவது, அடங்காத வேகம், ஓயாத பேச்சு, நேற்றிருந்த பிள்ளை இன்று வேறு பிள்ளையாவது: இது மேனியாவாக இருக்கலாம். பெரும்பேச்சும் ஓர் அறிகுறிதான். இங்கேதான் சாதி உள்ளே வருகிறது. சேரிப்பிள்ளை "கலெக்டர் ஆவேன்" என்றால் அது நோயல்ல, நம் கனவு. "நான்தான் கலெக்டர்" என்று ராத்திரியெல்லாம் அலைந்தால் அது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத டாக்டர் கனவுக்கும் மருந்து எழுதிவிடுவார்.

அமெரிக்காவில் அப்படியும் நடந்தது. 1994-95க்கும் 2002-03க்கும் இடையில், இந்த நோயின் பேரில் பிள்ளைகள் டாக்டரிடம் போனது சுமார் 40 மடங்கு கூடியது. வெறும் எரிச்சலையும் மேனியாக் கணக்கில் சேர்த்தார்கள் என்ற விமர்சனம் எழுந்தது.

இதைக் காட்டி, பூக்கோ படித்த தோழர்கள் "மாத்திரையே அதிகாரம்தான்" என்கிறார்கள். சரி தோழர், சங்கிலி அதிகாரம் இல்லையா? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். மாத்திரையை மறுக்கிற உரிமைகூட அது கைக்குக் கிடைத்தவனுக்குத்தான்.

ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் சிகிச்சை ஆகாது. 1949 முதல் மேனியாவுக்குப் பயன்படும் லித்தியத்தில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்; சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்கணும். திராட்சைத் தோட்டத்து வெயிலில் வேர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் அது ஏறிவிடும். ரிஸ்பெரிடோன் கொடுத்தால் உடம்பு எடை கூடும். மாசாமாசம் நிறுத்துப் பார்க்கணும். வால்ப்ரோயேட் பின்னால் கருவைப் பாதிக்கும்; பெண்பிள்ளைக்கு அதை யோசிக்காமல் எழுதக் கூடாது. இதையெல்லாம் அந்த அம்மாவுக்கு அவங்க பேச்சில் சொல்லுகிற டாக்டர் வேணும்.

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு தடவை கூலி போனால் மூணாம் தடவை மாத்திரை நின்றுபோகும். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும். ஊர் அப்போதும் 'திமிர்' என்றுதான் சொல்லும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. அந்த உரிமையைக் கேட்போம். கம்பம், உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே மாதம் தவறாமல் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கிடைக்கணும். எது திமிர், எது நோய் என்று வாத்தியார்களுக்குப் பயிற்சி தரணும். மாணவத் தோழர்களே, துண்டறிக்கையில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். அடுத்த தோடு அடகுக்கு வருவதற்குள்.