டிராக்டரின் உஷ்ணமானி

டிராக்டரின் உஷ்ணமானி கெட்டால், கடையில் அகப்படும் வேறொன்றைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அதன் முள் ஏறியதும் ரேடியேட்டரையும் நீர்ப் பம்பையும் கழற்றிப் பணத்தை விரயம் செய்வோர் பலர். முள்ளைப் பொருட்படுத்தாது ஓட்டி என்ஜினையே இழப்போரும் உளர். இரண்டும் தவறு. என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, நீர் மட்டம் பார்த்தபின், முதலில் சோதிக்கத்தக்கது மானியே.

மின்சார மானி, என்ஜின் நீரில் தோயும் சென்சாரைச் சார்ந்தது. சாதாரண வகையில் உஷ்ணம் மிகுந்தால் சென்சாரின் மின்தடை குறையும். பொருந்தாத சென்சாருடன் இணைத்த மானி பொய்யே காட்டும். ஒற்றைக் கம்பியுள்ள சென்சாரில், கம்பியைக் கழற்றினால் முள் தாழவேண்டும். அக்கம்பியைக் கணநேரம் என்ஜின் இரும்பில் தொடுவித்தால் ஏறவேண்டும். அவ்வாறாயின் மானியும் கம்பியும் குற்றமற்றவை. பின்னர் சென்சாரைக் கழற்றி, அதன் உடலுக்கு எர்த் கொடுத்துக் கொதிநீரில் அமிழ்த்தினால், முள் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்கவேண்டும்.

மரையில் நாடாவை மிகுதியாகச் சுற்றினால் எர்த் கெட்டு முள் தாழும். நீர் வற்றிச் சென்சார் வெளிப்பட்டாலும், என்ஜின் வேகும்போதே முள் குளிர்ச்சி காட்டக்கூடும்; இதுவே பேரபாயம்.

ஆதலின் நிலச்சொந்தக்காரரும், சங்க டிராக்டர்களுக்குப் பொறுப்பாளரும் உழவுப் பருவத்துக்கு முன்னரே இச்சோதனையைச் செய்வித்தல் அவசியம். பொய்யுரைக்கும் மானி, மானி இல்லாமையினும் தீது.