பாணரை விடுங்கள்

சக இதழ் ஒன்றில் வந்திருக்கும் நீண்ட கட்டுரை, ராப் என்பது பாணர் மரபின் நீட்சியே என்று நிறுவி முடித்திருக்கிறது. சங்கப் பாணரில் புறப்பட்டு, சித்தர்களைத் தொட்டு, அருணகிரிநாதரின் சந்தத்தில் சற்று இளைப்பாறி, நேராக நியூயார்க் போய் இறங்குகிறார் கட்டுரையாளர். வழியில் கடல் இருப்பதோ, அந்தக் கடலில் அடிமைக் கப்பல்கள் ஓடியதோ அவருக்குப் பொருட்டில்லை. அமெரிக்கர்களுக்கு 1979இல் கிடைத்தது நமக்கு ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறதாம். விமானமும் அணுவும் இருக்கும் நம் பழம்பெருமைப் பட்டியலில் இனி ராப்பும் உண்டு. சிரித்துவிட்டு விடுங்கள் என்றார்கள் நண்பர்கள். விட மனம் வரவில்லை.

முதலில் அந்த 1979. ஹிப்-ஹாப் பிறந்த நாளாக அந்த இசைக்காரர்களே கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடம். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி எடுக்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஏற்பாடு செய்த விருந்து அது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ், அப்போது 18 வயது. கிங்ஸ்டனிலிருந்து 12 வயதில் வந்தவர், பிராங்க்ஸில் அவர் பெயர் கூல் ஹெர்க். அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். ஆடுகிறவர்கள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. பாடகர் வாய்மூடி, மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே காத்திருந்தார்கள். அதற்குப் பெயர் பிரேக். ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதே இடத்தில் ஊசியை வைத்தார். சில விநாடி சில நிமிடமாக நீண்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இதில் சந்தம் எங்கே, எதுகை எங்கே?

ஹெர்க் ஊசியை வைத்தது குத்துமதிப்பாகத்தான். அடி மாறும், தாளம் தடுக்கும். அதைச் சரிசெய்தவர் பார்படோஸில் பிறந்த ஜோசப் சாடலர் என்னும் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். எலக்ட்ரானிக்ஸ் படித்த பையன். பிரேக் தொடங்கும் இடத்தில் இசைத்தட்டின்மேல் கிரேயானால் கோடு போட்டார். எத்தனை சுற்று முன்னே ஓடியதோ அத்தனை சுற்று விரலால் பின்னே தள்ளினால் அதே அடியில் வந்து நிற்கும். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலிக்கும்போதே அடுத்ததைத் தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி மிக்சரில் ஒரு சுவிட்சும் பொருத்திக்கொண்டார். இசைத்தட்டின் மேல் கைபடக் கூடாது என்பது அன்று வேதவாக்கு. இந்தப் பையன்கள் உள்ளங்கையையே வைத்தார்கள்.

வார்த்தை பிறகுதான் வந்தது. அதுவும் கவிதையாக வரவில்லை. ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து வந்திருந்த நண்பர்களின் பெயர்களைக் கூவினார். இடையிடையே நாலு வார்த்தை உற்சாகம். அந்தக் கூவலே வளர்ந்து, அடுக்கப்பட்டு, ராப் ஆனது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது நின்றது பிரேக்கின் தோளில். நம் விமர்சகர்களுக்கோ எதையும் வரியாக எழுதிக் காட்டினால்தான் கலை. கேட்கத் தெரியாதவர்கள் இசையைப் பற்றி எழுதும்போது உடனே யாப்பைத் தேடிப் போகிறார்கள்.

கட்டுரை கொண்டாடும் அந்த 1979 பாடல், ஷுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதில் டிஜேயே இல்லை. ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸ் வரியை ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து நேரடியாக வாசிக்கச் செய்தார்கள். பாடியவர்களில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகளைக் கொண்டுபோய்ப் பாடினார். எவ்வளவு அவசரமென்றால், காஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. இசைத்தட்டில் காஸின் பெயர் ஒலிக்கிறது. பாடலாசிரியர் பட்டியலில் இல்லை. மூன்று ஆண்டு கழித்து வந்த ‘தி மெசேஜ்’ தட்டின் மேல் ஃபிளாஷின் பெயர் முதலில் இருக்கிறது. பதிவில் அவர் பங்கு எதுவும் கிடையாது. ஆக, கண்டுபிடித்தவனை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கலை கடைக்கே வந்தது. நம் கட்டுரையாளர் கடையில் வாங்கியதை வைத்து வரலாறு எழுதுகிறார்.

எண்பதுகளின் கடைசியில் அமைப்பியலை வைத்துக்கொண்டு விடியவிடியச் சண்டை போட்ட கூட்டம் நாம். ரோலான் பார்த்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு டீ குடித்ததில்லை. ஆசிரியன் செத்தான், பிரதி பிரதியிலிருந்தே பிறக்கிறது என்று அன்று உரக்கச் சொன்னவர்களில் இந்தக் கட்டுரையாளரும் ஒருவர். பிரதியிலிருந்து பிரதி செய்வதை இரண்டு டர்ன்டேபிளில் செய்தே காட்டியவர்கள் பக்கம் அன்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று பார்க்கும்போது அவரே ஆதிமூலம் தேடுகிறார். கோட்பாடு சிலருக்குக் கல்யாண வீட்டுப் பட்டுவேட்டி. மறுநாள் மடித்து வைத்துவிடலாம்.

ஆசிரியனின் மரணத்தைப் பற்றியும் ஒன்று. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ஓர் இசைத்தட்டில், பின்பக்கப் பாட்டான ‘ஆமென், பிரதர்’ நடுவே கிரிகரி கோல்மன் ஏழு விநாடிபோல டிரம்ஸ் வாசித்தார். எண்பதுகளிலிருந்து ஹிப்-ஹாப் அதை வெட்டி எடுத்தது. பிறகு இங்கிலாந்தில் ஜங்கிள் என்றும் டிரம் அண்ட் பேஸ் என்றும் ஒரு தலைமுறையே அந்த நான்கு சுற்றின் மேல் வீடு கட்டிக்கொண்டது. கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராகச் செத்தார். அந்த வாசிப்புக்கு உரிமைத்தொகை என்று ஒரு காசு பார்க்கவில்லை. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. எண்ணற்ற பாடல்களில் அவர் கை இருக்கிறது, பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லை. ஆசிரியன் என்று ஒருபோதும் பதிவாகாதவன் எந்தக் கோட்பாட்டின்படி சாவது?

முன்னோடிகளும் இதில் சுத்தமானவர்கள் அல்ல. தன் இசைத்தட்டு எதுவென்று போட்டியாளர்கள் அறியக் கூடாதென்று ஹெர்க் லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தார். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்களிடமிருந்து வந்த தந்திரம். ஹிப்-ஹாப்பின் நீடித்த செல்வாக்கு என்று ஒன்றைச் சொன்னால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அடித்தவனின் கையைக் காதால் கண்டுபிடித்தது, அடித்தவனின் பெயரை உரித்துப் போட்டது.

நமக்கு அது வந்த பாதையும் மர்மமல்ல. கோலாலம்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டு, கற்று, செய்தார்கள். யோகி பி - நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் கையில் எடுத்தது திருப்புகழை அல்ல, ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை. பழைய தட்டை எடுத்துப் புதிது செய்வது என்ற பிராங்க்ஸ் பாடத்தை அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள்.

பாணருக்கு வாரிசு தேடும் நம் அறிஞர்களிடம் ஒரு கேள்வி. பாணரோடு துடியனையும் பறையனையும் சேர்த்துச் சொல்லும் அதே புறநானூற்றைத்தானே நீங்களும் படித்தீர்கள்? நியூயார்க்வரை போன உங்கள் ஆராய்ச்சி ஏன் பறையடிக்கும் தெருவுக்குள் வரவில்லை? நம் பழைய திரைப்பாட்டுத் தட்டுகளின் உறைகளைப் புரட்டுங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் இருப்பார்கள். உறுமியும் தவிலும் பறையும் வாசித்தவர் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவுகளில் வாசித்தவர்களின் பெயர், ஊர், வாசித்த பாட்டு தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். ஒரு பெயர்தான் தெரியும் என்றாலும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம். பாணர் பற்றிய கட்டுரைகள் வேண்டாம். கைவசம் நிறைய இருக்கின்றன.