கதவைத் திறந்தவர் யார்?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கத்து நூலகத்தில் அமர்ந்திருந்தபோது, அன்பர் இருவரிடையே ஒரு வாதம் எழுந்தது. ஒருவருடைய மகன் வங்கித் தேர்வில் மூன்றாம் முறையும் வெற்றி பெறவில்லை. "எல்லாம் அவன் தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்?" என்று தந்தையார் பெருமூச்செறிந்தார். மற்றவர் சொந்தத் தொழில் நடத்திப் பொருள் சேர்த்தவர். "தலையெழுத்தாவது, ஒன்றாவது! முயன்றால் முடியாதது உண்டா? நான் யார் தயவில் முன்னுக்கு வந்தேன்?" என்றார் அவர். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். நான் இரண்டாமவர் பக்கமே தலையசைத்தேன். வீடு திரும்பிய பின் அந்தத் தலையசைப்பு என் மனத்தை உறுத்திற்று. ஆகவே இம்மாதம் இப்பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஊழ் பெரிதா, முயற்சி பெரிதா என்னும் வினா நமக்குப் புதிதன்று. வள்ளுவப் பெருந்தகை 38-ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றிக் கூறினார். 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில் முயற்சியைப் பற்றிக் கூறினார். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளினாரல்லர். எனினும் நூல்வழி வாதிப்பதைவிட, நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

1907-ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றபோது சி. வி. இராமனுக்கு வயது 18. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் எண்ணம் இருந்தது. அந்நாட்டுக் குளிரை உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி, அதில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கௌண்டண்ட் ஜெனரல் பதவியில் அமர்ந்தார். கௌரவமான உத்தியோகம், ஆனால் விஞ்ஞானத்துக்கு அதில் இடமில்லை.

ஒரு நாள் அவர் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்' என்னும் பொருளுடைய பெயர்ப்பலகை கண்ணில் பட்டது என்பர். அவர் அங்கே சென்று கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் அங்கு ஊழியராக இருந்த ஆசுதோஷ் டே. செயலாளர் அமிர்தலால் சர்க்கார் மனமுவந்து ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். அன்று முதல் அலுவலகத்துக்குச் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் இரவிலும் இராமன் அங்கே உழைத்தார். 1909-இல் இரங்கூனுக்கும் 1910-இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1911-இல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்தில் தொடங்கினார். 1917-இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவர் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிட்டியது.

பலகை கண்ணில் பட்டது நல்லூழ் எனலாம். அதே டிராமில் அதே பலகையைக் கண்டவர் எத்தனையோ பேர். சென்று கதவைத் தட்டியதும், அதன்பின் இருபது ஆண்டுகள் தளராது உழைத்ததும் முயற்சி எனலாம். பெரும்பாலும் நாம் கதையை இத்துடன் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பலகையை அங்கே மாட்டியவர் யார்?

அவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். இந்தியர் தாமே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டுமென்று பலரிடமும் பொருள் திரட்டி, 1876-இல் அக்கழகத்தை நிறுவினார். தாம் எண்ணிய அளவு பயன் விளையவில்லையே என்னும் மனக்குறையோடு 1904-இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து இராமன் வந்து கதவைத் தட்டினார். ஆகவே இராமனுக்கு நல்லூழாக வாய்த்தது வானத்திலிருந்து விழுந்ததன்று. முன்பின் அறியாத ஒருவர், யாருக்கென்று தெரியாமலே செய்துவைத்த முயற்சி அது. ஒருவருடைய முயற்சியே மற்றொருவருக்கு நல்லூழாக வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அதே 1928-இல் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்னும் இருவர் பளிங்குகளில் அதே விளைவைத் தாமாகவே கண்டனர். பரிசு அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்ல யாருக்கு நா எழும்? எனவே, தோற்றவனெல்லாம் முயலாதவன் என்பது பிழை.

இனி என் கதை. 1979-இல், ஒரு முகவரி எழுதிய துண்டுத்தாளோடு பம்பாயில் வந்து இறங்கினேன். அந்த முகவரியில் இருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். மாதுங்காவில் ஓர் உணவு விடுதியில், எதிரே அமர்ந்து சாப்பிட்ட பெரியவர் ஒருவர் என் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். அவரும் நான்கு பேரும் தங்கியிருந்த அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. நாள்தோறும் இரவில் அவர் செய்தித்தாளைப் படிப்பார். நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். பிழைகளைத் திருத்திய பின்னரே அவர் உறங்குவார். ஏழு மாதத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் உழைத்தது மெய். அவர் இல்லையேல் அந்த உழைப்புக்கு இடமே இருந்திராது என்பதும் மெய்.

ஆண்டுகள் உருண்டன. சொந்த வீடும் நல்ல பதவியும் வாய்த்த பின், ஒரு நாள் மாலை தஞ்சைப் பக்கத்து இளைஞன் ஒருவன், ஊரிலிருந்து யாரோ கொடுத்த கடிதத்துடன் என் வாசலில் வந்து நின்றான். நான் அவனை உள்ளே அழைக்கவில்லை. "தம்பி, இவ்வூரில் யாரையும் நம்பி வரக்கூடாது. நான் என் முயற்சியால்தான் வந்தேன். நீயும் முயன்று பார்" என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிப் படியிறங்கினான். அவன் என்ன ஆனான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரை மறந்ததனாலன்றோ என் வாய் அவ்வாறு பேசிற்று! "யார் தயவில் வந்தேன்?" என்று நண்பர் கேட்டபோது நான் தலையசைத்ததும் அதே மறதியினால்தான்.

வாசக அன்பர்களே, நம் குழந்தைகளிடம் முயற்சியை வலியுறுத்தத்தான் வேண்டும். முயற்சி ஒன்றே அவர்கள் கையில் உள்ளது. ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: நாம் யாருக்கு நல்லூழாக இருக்கிறோம்? தேர்வில் தவறிய அந்த இளைஞனின் வீடு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்டது. அதில் ஐவர் வசிக்கின்றனர். எவ்வளவு படித்தாய் என்று அவனைக் கேட்டோம். படிக்க இடம் இருந்ததா என்று கேட்டோமா?

நம் நூலகம் இரவு 8 மணிக்கு மூடப்படுகிறது. சாவியை வைத்துக்கொண்டு உடனிருக்க ஆள் இல்லை என்பதே காரணம். செவ்வாயும் வெள்ளியும் இரவு 10 மணி வரை நான் இருக்கிறேன் என்று செயலாளரிடம் கூறிவிட்டேன். மறுநாளே நம் தொழிலதிபர் நண்பர் தொலைபேசியில் அழைத்து, வியாழன் தமக்கு என்று சொல்லிவிட்டார். இன்னும் நான்கு நாட்கள் எஞ்சியிருக்கின்றன.