நாயகனால் முடியாதது என்ன?

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்த விதியைச் சொல்வார்கள். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியான லூயிஸ் கிராண்டேலின் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. சக்தி தீர்ந்ததும் ஆள் மறுபடி கண்ணில் பட்டுவிடுவார். 1962-ல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய இந்தத் தொடரோடுதான், 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. எதிரிகள் கதவை உடைத்துக்கொண்டிருக்கும்போது மாயாவியின் கண் மின்சாரம் எங்கே கிடைக்கும் என்று தேடும். படிக்கிற நமக்கும் அதே தேடல்தான். அவர் மறைந்த பிறகும் பதற்றம் ஓயாது. அந்தரத்தில் நகரும் கை யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்?

மாயாவியால் என்ன முடியாது என்பது நமக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கதைகள் நம்மைப் பிடித்து வைத்திருந்தன. நாயகனுக்கு எந்தச் சக்தியை வேண்டுமானாலும் கொடுக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. கொடுத்த பிறகு அதன் எல்லையைத் தன் வசதிக்கு இழுக்கவும் சுருக்கவும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சூப்பர்மேனைப் பாருங்கள். 1938-ல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவரை அறிமுகப்படுத்தியபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார், எக்ஸ்பிரஸ் ரயிலை முந்துவார். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவர் தோலைத் துளைக்காது என்று எழுதினார்கள். அப்படியென்றால் பீரங்கிக் குண்டு துளைக்கலாம். எல்லை அங்கே தெளிவாக இருந்தது.

பிறகு பறந்தார். கண்ணிலிருந்து வெப்பம் வந்தது. கோள்களை நகர்த்தினார், காலத்தைக் கடந்தார், தொலைவில் இருப்பவர் காதில் தன் குரலை ஒலிக்க வைத்தார். 1958-ல் வந்த ஒரு கதையில் அவர் கையிலிருந்து ஒரு குட்டி சூப்பர்மேன் கிளம்பி வருகிறான். இவ்வளவு வல்லமை உள்ளவரை எதை வைத்துத் தடுப்பது? 1943-ல் வானொலித் தொடரில் பிறந்த கிரிப்டோனைட் 1949-ல் காமிக்ஸுக்கும் வந்தது. பிறகு சிவப்புக் கிரிப்டோனைட்டையும் கொண்டுவந்தார்கள். அதன் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக அவரைப் பாதிக்கும். அதாவது, அந்த வாரக் கதைக்கு என்ன தேவையோ அதைச் செய்யும்.

கடைசியில் பதிப்பகமே பின்வாங்க வேண்டியதாயிற்று. 1971-ல் எழுத்தாளர் டென்னி ஓ’நீல் சூப்பர்மேனின் சக்தியைக் குறைத்துப் பார்த்தார். அடுத்து வந்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1986-ல் ஜான் பைர்ன் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஆளை அடக்கமான அளவுக்குக் கொண்டுவந்தார். எல்லையில்லாத நாயகனை வைத்துக் கதை நடத்த முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எல்லையை மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்பைடர்மேனின் ஒரு கட்டம் போதும். 1973-ல் ஜெர்ரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த 121-ம் இதழ். வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேஸியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறார். வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. காப்பாற்றிவிட்டதாக நினைத்து மேலே இழுக்கிறார். ஆனால் வலை பிடித்த அந்தக் கட்டத்தில், அவள் கழுத்தருகே, முறிவைக் குறிக்கும் ஒரு சிறிய ஒலிச்சொல் அச்சாகியிருக்கிறது. சட்டென்று நின்றதன் உலுக்கல்தான் அவளைக் கொன்றது என்று பின்னர் வாசகர் கடிதப் பக்கத்தில் பதிப்பகமே விளக்கியது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பதினோராம் வகுப்பில் கணத்தாக்கு பாடம் வரும்போது இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். நிற்கும் நேரம் நீண்டால் விசை குறையும். க்வென் ஸ்டேஸிக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. வகுப்பு அமைதியாகிவிடும். அதே பிள்ளைகள்தான் வேறு கதைகளைப் பற்றிப் பேசும்போது, “அந்தப் பவரை இவர் போன கதையிலேயே யூஸ் பண்ணியிருக்கலாமே சார்?” என்று மடக்குவார்கள். பதினாறு வயதில் இந்தக் கேள்வி எழுகிறது என்றால், கதையின் நியாயம் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

“மனிதன் சுவரில் ஏறுவதை ஏற்றுக்கொண்ட பிறகு இதெல்லாம் எதற்கு? பல பத்தாண்டுகள், எத்தனையோ எழுத்தாளர்கள், முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்” என்பார்கள். கிலோ கணக்கில் ஒப்பிட்டு நான் சண்டை போடவில்லை. மார்வெல் 1980-களில் கையேடே போட்டு, ஸ்பைடர்மேன் பத்து டன் தூக்குவார் என்று எழுதி வைத்தது. அந்த எண்ணைத் தாண்டினாலே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படித் தாண்டுகிறார் என்பதுதான் கேள்வி.

1966-ல் வந்த 33-ம் இதழில், தன்னால் தூக்கவே முடியாத இயந்திரக் குவியலின் அடியில் ஸ்பைடர்மேன் சிக்கிக்கொள்கிறார். மே அத்தையைக் காப்பாற்றும் மருந்து கண்ணெதிரே, எட்டாத தூரத்தில் கிடக்கிறது. மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முயல்கிறார், தோற்கிறார், மறுபடி முயல்கிறார். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ பக்கம் பக்கமாக அந்தப் பாரத்தை நம் தோளிலும் ஏற்றிவிட்டு, பிறகுதான் அவரை எழ விடுகிறார். எல்லை மீறப்படுகிறது, அதற்கான விலையை ஸ்பைடர்மேன் நம் கண்முன்னே கொடுக்கிறார்.

இதற்கு மாறாக 1985-ல், கோள்களையே விழுங்கும் கேலக்டஸுக்குத் தூதனாக இருந்த ஃபயர்லார்டை இதே ஸ்பைடர்மேன் வெறும் கையால் அடித்து வீழ்த்துகிறார். விடாமுயற்சி வெல்லும் என்று காட்ட நினைத்திருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவனை வீழ்த்த முடிந்தவர், அடுத்த மாதம் சாதாரண ரவுடிகளிடம் ஏன் திணற வேண்டும்? இதற்குக் கதையில் பதில் இல்லாததால்தான் ரசிகர்கள் இன்னமும் அந்தச் சண்டையைக் குறை சொல்கிறார்கள்.

சக்தி வளரட்டும், தேயட்டும், மாறட்டும். அந்த மாற்றம் கதைக்குள்ளே, காரணத்தோடு நடக்கட்டும். நேற்று செய்ய முடிந்ததை இன்று ஏன் செய்யவில்லை என்று கேட்கும் வாசகன் குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை. காசு கொடுத்து வாங்கி, கதை சொன்னதை நம்பி, நினைவிலும் வைத்திருக்கிறான். அந்த நினைவுக்கு மரியாதை செய்வது எழுத்தாளரின் கடமை.

தமிழில் சொந்தமாகச் சாகச நாயகர்களை வரைய இன்று இளைஞர்கள் முன்வருகிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உடையையும் சின்னத்தையும் வரைவதற்கு முன், உங்கள் நாயகனால் என்னென்ன முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை முதல் கதையிலேயே வாசகனுக்கும் சொல்லிவிடுங்கள். பத்தாவது கதையில் நெருக்கடி வரும்போது அந்தத் தாளைத் திருத்தாமல் வழி கண்டுபிடியுங்கள். உங்கள் நல்ல கதைகள் அந்தத் தேடலில்தான் பிறக்கும்.