லீவு லெட்டரும் பள்ளிக்கூடச் சாவியும்



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாளாம். சூப்பர்வைசர் பார்க்கவில்லை. அவள் மெஷின் நின்றதில் அடுத்த மெஷினுக்கும் பீஸ் போகவில்லை. மறுநாள் எல்லார் முன்னாலும் திட்டு. "நான் சொல்லிட்டுத்தானே டீச்சர் லீவு போட்டேன்?" என்று அழுதாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். குரூப்பில் போடுவது வேறு, சொல்வது வேறு. கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால்தான் சொன்னதாக அர்த்தம்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். நானும் அந்தத் தப்பைச் செய்தவள்.

அப்போது ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். தலைமை ஆசிரியர் மறுநாள் கூட்டத்துக்குப் போவதால் பள்ளிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். விடியற்காலையில் என் மகனுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் லீவு லெட்டர் எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் டீக்கடையில் கொடுத்திருக்கிறார். லெட்டர் அங்கேயே கிடந்தது. சாவி என் பையில்.

பதினோரு மணி வரை பிள்ளைகள் பூட்டிய கதவின் முன்னால் வெயிலில் நின்றிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தனியாக வீட்டுக்குக் கிளம்பி, வாய்க்கால் கரையில் நின்றிருந்தவனை ஆடு மேய்த்த அம்மா ஒருவர் கூட்டி வந்திருக்கிறார். அன்று வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு எங்களுக்கு உண்டு. நான் எடுத்தது நியாயமான லீவு. தலைமை ஆசிரியரும் திட்டவில்லை. "சாவியையாவது குடுத்து விட்டிருக்கலாமே டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

இதில் எங்கள் மேலும் குற்றம் உண்டு. விடுப்பு விண்ணப்பம் எழுத உங்களுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் எழுத்துப்பிழை பார்த்தோம். அக்கா கல்யாணத்துக்குப் போனவனும் காய்ச்சல் என்றே எழுதினான். வாங்கி வைத்துக்கொண்டோம். நம் வேலையை அன்று யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லித்தரவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

வர முடியாது என்று தெரிந்தவுடனே மேலதிகாரிக்கே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் மெசேஜ் போட்டுவிட்டு, கூட வேலை செய்பவர் ஒருவரிடம் "அவர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் என்று சொல்லுங்கள். காரணம் ஒரு வரி போதும், அது உண்மையாக இருக்கட்டும். பாதியில் நிற்கும் வேலை எது, அதற்கான சாவி, ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கே முடியாத நிலை என்றால் வீட்டில் ஒருவர் பேசட்டும். அதற்காக அந்த நம்பரை வீட்டில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

உங்களில் பலர் இன்று மேலதிகாரிகள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. லீவு கேட்டாலே எரிந்து விழுந்தால், யாரும் நேரில் சொல்ல மாட்டார்கள். குரூப்பில் போட்டுவிட்டு போனை அணைத்துவிடுவார்கள். "சரிம்மா, குழந்தையைப் பாரு. உன் வேலை எதுவரைக்கும் ஆகியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அவர்களே முதலில் உங்களைக் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். "இதெல்லாம் அப்பவே சொல்லித் தந்திருக்கலாமே டீச்சர்" என்று சிரித்தாள். நியாயம்தானே!

அன்புடன்,
உங்கள் டீச்சர்